திருப்பாலைவனம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு வேளாண் வகுப்பு

வேளாண் தொழிற்கல்வி ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பள்ளிக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர், "மார்க் வராத பசங்களைத் தள்ளிவிடுற குரூப்தானே உங்களது?" என்பார். என்னிடமும் சொன்னார்கள். சொன்னவர் அப்போது டிபன் டப்பாவைத் திறந்து வைத்துத் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

நான் செய்யாறு பக்கத்துக்காரி. நல்ல தண்ணீர், நல்ல மண், மூன்று போகம் பார்த்து வளர்ந்தவள். மாறுதலில் பழவேற்காடு ஏரியோரப் பள்ளி ஒன்றுக்கு வந்தபோது எனக்கு ஏற்கெனவே பதினொரு ஆண்டு அனுபவம். டச்சுக் கல்லறைக்குப் பின்தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தேன். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளை அந்தக் கல்லறைக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவார்கள். பள்ளிக்குப் பின்னால் இருந்த எங்கள் அரை ஏக்கரை யாருக்கும் காட்டியதில்லை.

நான் அங்கே இருந்த முதல் இரண்டு ஆண்டுகளில் தலைமையாசிரியர் நாற்காலியில் நான்கு பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார். அடுத்தவர் பதவி உயர்வில் வந்து, மூன்றே மாதத்தில் வீட்டுக்குப் பக்கமாக மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். அதன் பின் ஒருவர் பொறுப்பில் இருந்தார். நான்காவதாக வந்தவரைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். ஆங்கிலத்துக்கு அந்த இரண்டு ஆண்டும் நிரந்தர ஆசிரியரே இல்லை. தற்காலிகமாக வருபவர் பெயரைப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார்.

முதலில் என் தவறு.

பதினொன்றாம் வகுப்பில் என் பிரிவில் பத்தொன்பது பேர். பாதிப்பேர் ஏரியில் கையாலேயே இறால், நண்டு பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். அதில் ரேவதி என்று ஒரு பெண். கடைசி பெஞ்சு, கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். மார்கழி மழை விட்டதும் பள்ளி நிலத்தின் கிழக்குப் பக்கத்தில் கத்தரி நாற்று நடலாம் என்று முடிவு செய்தேன். மண் பார்க்கப் பொலபொலவென்று அழகாக இருந்தது. ரேவதி எழுந்து, "அந்தப் பக்கம் வேணாம் டீச்சர். மழைத்தண்ணி வத்துனா உப்பு பூக்கும்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது நண்டு பிடிக்கிற இடம் இல்ல, உட்காரு" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. நாற்று பிடித்தது, இலை விட்டது. நான் பெருமையாகத்தான் இருந்தேன். மாசி பாதியில் ஒரு காலை போய்ப் பார்த்தால், கிழக்குப் பக்கம் முழுவதும் கோலமாவு தூவியதுபோல் வெள்ளை. இலைகளின் ஓரம் கருகி, அடுத்த பத்து நாளில் ஒரு செடி மிஞ்சவில்லை.

காரணம் சொல்ல எனக்கு வழி இருந்தது. விதை சரியில்லை என்றிருக்கலாம், வெயில் என்றிருக்கலாம். பத்தொன்பது பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருகிய செடி ஒன்றைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு, ரேவதி சொன்னது சரி, நான் சொன்னது தவறு, அதைவிட நான் அவளிடம் பேசிய பேச்சு பெரிய தவறு என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் தலையைத் தூக்காமல், "இப்போ அந்த எடத்துல இன்னா வெக்கலாம் டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அன்றிலிருந்துதான் அந்த வகுப்பு நடக்க ஆரம்பித்தது. எந்த இடத்தில் எந்தப் புல் வந்தால் உப்பு எவ்வளவு, எந்தக் காற்றுக்கு ஏரித்தண்ணீர் எதுவரை ஏறும் என்று அவர்கள் சொல்ல, பாடப்புத்தகத்தில் அதற்கு என்ன பெயர் என்று நான் சொன்னேன்.

பொறுப்பில் இருந்த தலைமையாசிரியருக்கு இது எட்டியது. பிள்ளைகள் முன்னால் ஆசிரியர் தவறை ஒத்துக்கொண்டால் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும் என்று அக்கறையாகத்தான் எச்சரித்தார். போகவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

இனி ஒரு பட்டியலின் கதை.

அதே பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கையில், அரையாண்டு விடுமுறை முடிந்து ஒரு வாரத்தில் நான்காவது தலைமையாசிரியர் என்னை அறைக்கு அழைத்தார். அவர் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். ஏழு பெயர்கள். ஏழும் என் பிரிவு. அரையாண்டில் ஆங்கிலத்தில் தேறாதவர்கள். மூன்றாவது பெயர் ரேவதி.

இந்த ஏழு பேரின் பெற்றோரிடமும், குடும்பச் சூழ்நிலையால் பிள்ளையை நிறுத்திக்கொள்கிறோம் என்று நான் கடிதம் வாங்கித் தர வேண்டும் என்றார். மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம். தேர்வு எழுதுகிறவர்கள் எல்லாரும் தேறுவார்கள், பள்ளிக்கு நூறு சதவீதம். அவர் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போன பள்ளியில் தேர்ச்சி குறைந்ததற்காக ஆய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவரை எழுப்பி நிற்க வைத்திருக்கிறார்கள். ஐம்பத்தாறு வயது மனிதர். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. எனக்குப் பரிதாபமாக இருந்தது. இருந்தும் தாளை அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன்.

"இவங்க யாரும் நிக்கணும்னு சொல்லலியே சார்" என்றேன்.

"சொல்ல வைக்கிறதுதான் டீச்சர் உங்க வேலை."

"அது என் வேலை இல்ல."

நாளையிலிருந்தே ஆரம்பாக்கம் பக்கம் வேறொரு பள்ளிக்கு மாற்றுப்பணியாகப் போய்விடுங்கள் என்று அங்கேயே சொன்னார். அங்கே வேளாண் ஆசிரியர் பணியிடம் காலியாம். அது நான்கு ஆண்டாகவே காலி.

அலுவலக இளநிலை உதவியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஒரு காலத்தில் கப்பல் வியாபாரம் செய்த பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். இந்தத் தொழிலில் எனக்கு ஆசான் என்று ஒருவரைச் சொல்வதென்றால் அவரைத்தான் சொல்வேன். நான் கோபத்தில் என் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது வந்து, "டீச்சர், வாயால சொன்னது ஆர்டர் இல்ல. எழுத்துல வர்ற வரைக்கும் நீங்க இந்த ஸ்கூல் டீச்சர்தான்" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே தேர்வுத்துறைக்குப் போய்விட்டது. இனி ஒரு பெயரை எடுக்க வேண்டும் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அவர் சொன்னதைக் கேட்டதும் என் கோபம் வேலைக்கு ஆகிற ஒன்றாக மாறியது. கோபப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் விதி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோபப்படுங்கள்.

எழுத்தில் ஆணை வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் பள்ளி விட்டதும் ஏழு வீட்டுக்கும் போனேன். ரேவதியின் அம்மா எல்லம்மாவை வீட்டில் பார்க்க முடியவில்லை. ஏரியில் இருந்தார். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறிக்கூடையின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே வந்தார். கரையேறி, பறியைக் கீழே வைத்த பிறகுதான் பேசினார்.

விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். உதவித்தொகைக்கு என்று சொல்லிக்கூட ஒரு தாளை நீட்டலாம், படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்றேன். எல்லம்மா புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கேட்டார்:

"போடலன்னா எம் பொண்ணு பாஸ் பண்ணிடுவாளா டீச்சரம்மா?"

உண்மையைத்தான் சொன்னேன். தெரியாது, ஆங்கிலத்தில் கஷ்டம்தான் என்றேன். போட்டால் எழுதவே முடியாது. அது மட்டும் நிச்சயம் என்றும் சொன்னேன். அவர் இறால் துள்ளிய பறியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வீட்டைப் பார்த்து நடந்தார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்பது தெரியாமலேயே நான் பேருந்து ஏறினேன்.

வியாழக்கிழமை ஆணை வந்தது. வாங்கிக்கொண்டு ஆரம்பாக்கம் போனேன். மறுநாள் தலைமையாசிரியர் ஏழு பெற்றோரையும் வரவழைத்திருக்கிறார். நடந்ததை உதவியாளர் என்னிடம் வார்த்தை மாறாமல் சொன்னார். தாளை முதலில் எல்லம்மாவிடம்தான் நீட்டினாராம். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாராம் எல்லம்மா. தலைமையாசிரியர் படித்தார். பிள்ளை தேறாமல் போனால் உங்களுக்குத்தானே அவமானம், நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

"ஃபெயிலானா எம் பொண்ணு எங்க வூட்டுக்குத்தான் சார் வருவா. உங்க வூட்டுக்கா வரப்போறா?" என்றாராம் எல்லம்மா.

கையெழுத்துப் போடாமல் எல்லம்மா எழுந்ததும், மற்ற ஆறு பேரும் அவர் பின்னாலேயே வெளியே வந்துவிட்டார்கள்.

பெயர்கள் தப்பின. ஆனால் வகுப்பெடுக்க ஆளில்லை. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. வேளாண் பிரிவு நேரம் வந்தால் பிள்ளைகளை விளையாட்டுத் திடலில் உட்கார வைத்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை ரேவதி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "தினம் எந்த பஸ்ல டீச்சர் வர்றீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காடு பேருந்து, திருப்பாலைவனம் வரும்போது ஐந்தரை ஆகும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பேருந்து திருப்பாலைவனத்தில் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிழற்குடைக்குள் சீருடையில் ஏழு பேர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் பழவேற்காடு போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் போய்விடும். பாதி வழியில் பிடித்தால் முக்கால் மணி நேரம் கிடைக்கும் என்று அவர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான் எதுவும் யோசிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் பத்தொன்பது பேரும் வந்துவிட்டார்கள். நிழற்குடைக்குள் இடம் போதாமல் பாதிப்பேர் வெளியே நின்றார்கள். கரும்பலகை கிடையாது. எதிரே இருந்த வயலின் வரப்பில் இறங்கி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து பாடம் நடத்தினேன். பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பெரியவர், தன் நெல்லுக்கு ஏன் நுனி மஞ்சளாகிறது என்று நடுவில் கேட்டார். பிள்ளைகள் பதில் சொன்னார்கள். பத்தில் ஒன்பது பங்கு சரியாகவே சொன்னார்கள்.

தலைமையாசிரியர் பொன்னேரிக்காரர். அவர் பேருந்தும் அந்த வழிதான். இரண்டு நாள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே போனார். மூன்றாம் நாள் இறங்கிவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"மாற்றுப்பணியில இருக்கீங்க, இங்க என்ன செய்றீங்க?" என்று கேட்டார்.

"பள்ளி வேலை நேரத்துக்குத்தான் சார் ஆர்டர். பஸ் ஸ்டாப்புக்கு ஆர்டர் இல்ல" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. பிள்ளைகளைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, குரலை உயர்த்தாமல், எனக்கு உறைக்கும்படி ஒன்று சொன்னார். இவர்கள் உங்கள் மண் பாடத்தில் விழப்போவதில்லை டீச்சர், ஆங்கிலத்தில்தான் விழுவார்கள், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். அடுத்த பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எதிர்த்து நிற்கும் சந்தோஷத்தில் அதை நான் பார்க்காமல் விட்டிருந்தேன். என் ஆங்கிலம் அவர்கள் ஆங்கிலத்தைவிட ஒரு படிதான் மேல். உங்களை எதிர்ப்பவர் சொல்வதில் எது சரி என்று பார்த்துப் பொறுக்கிக்கொள்ளுங்கள். அதற்காக அவர் பக்கம் சேர வேண்டியதில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் உதவியாளரைப் பார்த்துப் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டார். "டீச்சர், நான் படிச்சது பி.ஏ. இங்கிலீஷ். ஆபீஸ்ல யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல" என்றார். மறுநாளிலிருந்து அலுவலக நேரம் முடிந்ததும் பிள்ளைகளோடு அதே பேருந்தில் வந்து, நான் வந்து இறங்கும்வரை ஆங்கிலம் எடுத்தார். தலைமையாசிரியர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். டீ குடிக்க வந்தேன் என்பேன் என்றார். தலைமையாசிரியர் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாசியில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து வரும் தேர்வாளரோடு பாட ஆசிரியரும் இருந்தாக வேண்டும். மாவட்டத்தின் அந்தப் பகுதியில் வேளாண் ஆசிரியர் நான் ஒருத்திதான். தலைமையாசிரியர் தொலைபேசியில், நாளையிலிருந்து இங்கேயே வந்துவிடுங்கள் என்றார். எழுத்தில் வந்தால் வருகிறேன் சார் என்றேன். மறுநாள் மதியத்துக்குள் மாற்றுப்பணி ரத்து ஆணை வந்தது. உங்களில் யாராவது சிரிக்கலாம். நான் அன்று ரயிலில் தனியாகச் சிரித்தேன்.

ஏழு பேரும் பொதுத்தேர்வு எழுதினார்கள். ஐந்து பேர் தேறினார்கள். ரேவதி தேறவில்லை. ஆங்கிலத்தில் நான்கு மதிப்பெண் குறைவு. இன்னொரு பையனும் தவறினான். அவன் திரும்ப எழுதவே இல்லை. அவனைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இப்போதும் சங்கடம்தான். இன்னும் ஒரு மாதம் முன்பே ஆங்கிலத்தைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். ஆனால் அவனைத் தேர்வுக்கூடத்துக்குள் விட்டதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

மதிப்பெண் பட்டியல் கொடுத்த அன்று தலைமையாசிரியர் அறையில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் பிடிவாதத்தால் என் ரிசல்ட் போயிற்று என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது ரேவதி வாசலில் வந்து நின்றாள். அழுத கண் இல்லை. துணைத்தேர்வு விண்ணப்பத்தை எழுதி முடித்துக் கையில் வைத்திருந்தாள். ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தாள்.

"சார், இதுல உங்க கையெழுத்து வேணும்" என்று நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் வாங்கிப் படித்தார். ஒரு இடத்தில் எழுத்துப்பிழை இருந்தது போலிருக்கிறது. சிவப்பு மையில் திருத்தி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் துணைத்தேர்வில் தேறினாள். இப்போது காட்டூர் பக்கம் ஒரு விதைக் கடையில் இருக்கிறாள். உவர் நிலத்துக்கு எந்த நெல் என்று விவசாயிகள் அவளிடம்தான் கேட்கிறார்கள்.

அவள் போன பிறகு தலைமையாசிரியர் மேசையிலிருந்த குறிப்பாணையை என்னிடம் நீட்டினார். என் பிரிவில் தேர்ச்சி குறைந்ததற்கு மூன்று நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும். நான் வீட்டுக்குக்கூட எடுத்துப் போகவில்லை. அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் பிரிவில் தேர்வுக்கு உரியவர்கள் பத்தொன்பது பேர், எழுதியவர்களும் பத்தொன்பது பேர், அடுத்த ஆண்டும் இப்படியே இருக்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.